பாலும் மிகையும் பசியும்: பிரித்தானியப் பாடசாலைப் பால் வழங்கலின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வளர்ந்த மனிதர் பசுப்பால் அருந்துதல் அவசியந்தானா, பால் நுகர்வைப் பெருக்குவதற்கு அரசு தன் அதிகாரத்தையும் பொதுப்பணத்தையும் பயன்படுத்துதல் தகுமா என்னும் வினாக்கள் மேலை நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. ஒரு சாரார் பாலை இயற்கை அளித்த நிறைவுணவு என்பர். மறுசாரார் அதனைப் பாற்றொழில் முதலாளிகள் மக்கள்மீது சுமத்திய பண்டம் என்பர். இரு சாராரும் தத்தம் கட்சிக்கு ஆய்வுகூட முடிவுகளையே சான்று காட்டுவர். பால் எவருக்கு, எக்காலத்தில், எது இல்லாதவிடத்து நன்மை செய்தது என்னும் வரலாற்று வினாவை இவர்களுட் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும்போது விவாதத்தின் தளமே மாறிவிடுகின்றது. பிரித்தானியப் பாடசாலைகளில் 1934 முதல் 1971 வரை நிகழ்ந்த பால் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு அதனைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவனுக்குப் பாற்புட்டியில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். கருத்துநிலை என்பது காவியத்திலும் நாவலிலும் மாத்திரம் உறைவதன்று. உணவுத் தட்டிலும் அது பரிமாறப்படுகின்றது.

பால் 'ஆதிகாலந்தொட்டு' மனிதனின் உணவு என்னும் கூற்று, கைத்தொழிற் புரட்சியால் உருவான நகரத் தொழிலாளரைப் பொறுத்தவரை உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனிலோ மான்செஸ்ரரிலோ வாழ்ந்த தொழிலாளிக்குப் புதுப்பால் எட்டாப் பொருளாகவும், எட்டியபோது ஆபத்தான பொருளாகவும் இருந்தது. நகரத் தொழுவங்களிலிருந்து வந்த பால் நீர் கலந்ததாக இருந்தது. புகையிரதம் நாட்டுப்புறப் பாலைக் கொணர்ந்தபோது அது பல மணி நேரம் பழையதாக இருந்தது. வறிய குடும்பத்தார் வாங்கியது பெரும்பாலும் ரின்பால் ஆகும். அதிலும் மலிந்த வகை, கொழுப்பு நீக்கிச் சீனி சேர்க்கப்பட்டது. குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அதன் தகரத்திலேயே அச்சிடப்பட்டிருந்தும், தேநீரிலும் பாணிலும் அதுவே சேர்ந்தது. பிள்ளைகளுக்கும் அதுவே ஊட்டப்பட்டது. படிப்பறிவின்மை இதற்குக் காரணமன்று. வேறு எதனையும் வாங்க இயலாமையே காரணம்.

புதுப்பாலைப் பற்றிய அச்சத்துக்கும் நியாயம் இருந்தது. 1934 ஆம் ஆண்டில் சேர் பிரெடறிக் கௌலன்ட் ஹொப்கின்ஸ் தலைமையில் அமைந்த குழு, பாற்பசுக்களில் 40 சதவீதமேனும் காசநோய்த் தொற்றுக்கு ஆளாகியிருந்தன எனவும், பசுவழித் தொற்றும் காசநோயால் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்தனர் எனவும் மதிப்பிட்டது. இறந்தோருட் பெரும்பாலோர் குழந்தைகள். இங்கு ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். பாலைப் புகழின் உச்சிக்கு ஏற்றியவரும் இதே ஹொப்கின்ஸ்தான். தூய புரதமும் மாப்பொருளும் கொழுப்பும் உப்புகளும் மட்டுமே ஊட்டப்பட்ட எலிகள் வளர்ச்சி குன்றின என்பதையும், அவ்வுணவோடு சிறிதளவு பால் சேர்த்தவுடன் அவை வளர்ந்தன என்பதையும் 1912 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். விற்றமின் ஆராய்ச்சிக்கு அடிகோலிய இப்பணிக்காக 1929 இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் எல்மர் மக்கொலம் இவ்வழியில் மேலும் சென்று, பாலைக் 'காக்கும் உணவுகளின்' தலைமையிடத்தில் வைத்தார். அவர் அத்தோடு நிற்கவில்லை. பாலைத் தாராளமாக உண்ட இனங்களே உடலாலும் நாகரிகத்தாலும் மேம்பட்டன என்ற கருத்தையும் தம் நூலில் முன்வைத்தார். எலியிடமிருந்து பெறப்பட்ட உண்மை ஏகாதிபத்தியத்துக்கு உகந்த இனக்கோட்பாடாக மாறுவதற்கு ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரமே தேவைப்பட்டது.

எலியிலிருந்து பிள்ளைக்கு வருவோம். மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் சார்பில் டொக்டர் கொரி மான் இலண்டனுக்கு அண்மையிலிருந்த சிறுவர் இல்லமொன்றில் நடத்திய ஆய்வு 1926 இல் வெளியாயிற்று. இல்லத்தின் வழமையான உணவை மட்டும் உண்ட சிறுவர் ஆண்டொன்றில் சராசரி 3.85 இறாத்தல் நிறையும் 1.84 அங்குல உயரமும் கூடினர். அதனோடு நாளொன்றுக்கு ஒரு பைந்து பால் பெற்ற சிறுவர் 6.98 இறாத்தலும் 2.63 அங்குலமும் கூடினர். பாலின் பெருமைக்கு அசைக்கவியலாத சான்றாக இது நாடெங்கும் எடுத்துச் சொல்லப்பட்டது. இந்த எண்களை மறுபுறமிருந்து வாசித்தவர் மிகச் சிலரே. ஒரு பைந்து பாலால் பிள்ளையின் வளர்ச்சி இவ்வளவு உயருமாயின், அப்பைந்து சேரும் முன்னர் அவன் உண்டுவந்த உணவின் நிலை யாது? போதுமானதெனப் பொறுப்பானவர்களாற் கருதப்பட்ட உணவு அது. கொரி மான் பாலின் ஆற்றலை அளந்தார் என்பதிலும் பார்க்க, அநாதைச் சிறுவரின் பசியை அளந்தார் என்பதே பொருத்தம்.

1930 இல் ஸ்கொத்லாந்தின் லனாக்ஷயரில் நடந்த பெரும் பரிசோதனையைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையது. 67 பாடசாலைகளைச் சேர்ந்த 20,000 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். 10,000 பேருக்குப் பெப்ரவரி முதல் ஜூன் வரை பாடசாலை நாள்தோறும் முக்காற் பைந்து பால் வழங்கப்பட்டது. அவர்களுட் பாதிப்பேருக்குப் பச்சைப் பாலும் பாதிப்பேருக்குப் பாஸ்டர் முறையிற் கிருமி நீக்கிய பாலும் கிடைத்தன. எஞ்சிய 10,000 பேருக்குப் பால் இல்லை. முடிவில் பால் அருந்தியோர் நிறையிலும் உயரத்திலும் மேம்பட்டனர் என அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே 'மாணவன்' என்னும் புனைபெயரில் எழுதிவந்த டபிள்யூ. எஸ். கொசெற் இதனைக் கூர்மையாக விமர்சித்தார். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய புள்ளிவிபரவியலாளர் அவர். மதுவடிப்போர் பாலைத் திறனாய்வு செய்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அவர் காட்டிய குறைபாடுகள் இரண்டு. முதலாவது, பிள்ளைகள் குலுக்கல் முறையாலோ அகர வரிசையாலோ பிரிக்கப்பட்டிருப்பினும், ஒரு தொகுதியில் நல்ல போசணையுடையோரோ போசணை குன்றியோரோ மிகுந்து காணப்பட்டால் ஆசிரியர் அதனைச் சரிசெய்ய அனுமதிக்கப்பட்டிருந்தனர். விளைவு எதிர்பார்க்கத் தக்கதே: பால் இல்லாத தொகுதியினர் தொடக்கத்திலேயே பால் பெற்றோரை விடப் பல மாத வளர்ச்சிக்கு ஈடான அளவு நிறையும் உயரமும் கொண்டிருந்தனர். மெலிந்த பிள்ளைக்கே பால் போகட்டும் என்று ஆசிரியர் தம்மை அறியாமலே பங்கிட்டிருந்தனர். இரண்டாவது, பிள்ளைகள் உடுத்த உடையோடு நிறுக்கப்பட்டனர். பெப்ரவரிக் குளிரில் வசதியுள்ள பிள்ளையின் மேல் கனத்த உடை இருந்தது. ஜூனில் அது இல்லை. ஆகவே அவன் கூடிய நிறையின் ஒரு பகுதி கணக்கிலிருந்து கழன்றது. வறிய பிள்ளைக்கு மாரிக்கு வேறு, கோடைக்கு வேறு என உடை இல்லை. கழற்ற எதுவும் இல்லாதவன் கூடிய நிறையைக் கூடியதாகவே காட்டினான். ஒரே உருவுடைய இரட்டைப் பிள்ளைகள் 50 சோடியைக் கொண்டு குறைந்த செலவில் இதனிலும் நம்பத்தக்க விடையைப் பெற்றிருக்கலாம் என்றார் கொசெற்.

புள்ளிவிபரவியல் நூல்கள் இந்நிகழ்ச்சியைப் பரிசோதனை அமைப்பில் நேரும் தவறுக்கு உதாரணமாகக் கூறுவதோடு அமைந்துவிடும். எம் நோக்கில் அது அதனினும் பெரிது. வர்க்க வேறுபாட்டை நீக்கிவிட்டுப் பாலை மட்டும் அளக்க முனைந்த ஆய்வுக்குள், ஆசிரியரின் இரக்கம் வழியாகவும் பிள்ளையின் மாரிச் சட்டை வழியாகவும் வர்க்கம் மீண்டும் நுழைந்துவிட்டது.

இந்த ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும்வரை அரசு காத்திருக்கவில்லை. அதனை இயக்கியது பிறிதொரு நெருக்கடி. 1929 இன் பின்னர் உலகச் சந்தையில் வெண்ணெய், பாற்கட்டி ஆகியவற்றின் விலை வீழ்ந்தது. 1932 இன் ஒட்டாவா உடன்படிக்கைகள் நியூசிலாந்து முதலிய டொமினியன்களுக்குச் சலுகை அளித்தமையால், மலிவான நியூசிலாந்து வெண்ணெயைத் தடுக்கப் பிரித்தானிய அரசுக்கு வழியில்லாது போயிற்று. வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் பாலை விற்ற பண்ணையாளர் நகரத்துப் புதுப்பாற் சந்தையை நோக்கித் திரும்பினர். அங்கும் விலை ஆட்டங்கண்டது. 1933 இல் பால் சந்தைப்படுத்தற் சபை நிறுவப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பண்ணையாளர் யாவரும் அச்சபையின் ஏற்பாட்டின்படியே பாலை விற்றல் வேண்டுமென விதிக்கப்பட்டது. நேரடியாக அருந்தப்படும் பாலுக்கு உயர்ந்த விலையும், தொழிற்சாலைக்குச் செல்லும் பாலுக்கு அதன் பாதிக்கும் குறைந்த விலையுமாக இருவகை விலை நிலவியது. இரண்டையும் ஒரே தொகையாக்கிப் பண்ணையாளருக்குப் பங்கிட்டனர். எளிதாகச் சொன்னால், சந்தையின் உபரி மலிவாகச் சொக்கிளேற்றுத் தொழிற்சாலைக்குச் சென்றது. அம்மலிவை ஈடுசெய்யும் விலையைத் தொழிலாளியின் மனைவி பாற்காரனிடம் கொடுத்தாள்.

இவ்வாறு உயர்த்திப் பிடிக்கப்பட்ட விலைக்கு மக்கள் போதிய பால் வாங்கவில்லை. எனவே 1934 ஆம் ஆண்டுப் பாற் சட்டத்தின்கீழ் அரசு பணம் ஒதுக்க, அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி பாடசாலைப் பால் திட்டம் தொடங்கிற்று. பைந்தின் மூன்றிலொரு பங்கு அடங்கிய புட்டி அரைப் பென்னிக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்னர் பாற்றொழிலாரின் விளம்பரச் சபை பாடசாலைகளில் விற்ற அதே புட்டியின் விலை ஒரு பென்னி. திட்டத்தை முன்னின்று நடத்திய விவசாய அமைச்சர் வால்ரர் எலியற், மருத்துவமும் போசணை ஆராய்ச்சியும் பயின்றவர் என்பது உண்மை. ஆனால் திட்டம் விவசாய அமைச்சின் சட்டத்தால் வந்ததேயன்றிச் சுகாதாரச் சட்டத்தாலோ கல்விச் சட்டத்தாலோ வந்ததன்று என்பதும் உண்மை. அரைப் பென்னியும் இல்லாத பிள்ளைக்கு இலவசப் பால் வழங்குவது உள்ளூராட்சியின் பொறுப்பாயிற்று; அதற்கு அப்பிள்ளை போசணை குன்றியவன் என மருத்துவர் சான்று கூறவேண்டியிருந்தது. போர் தொடங்கும் தறுவாயிலும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரே புட்டி பெற்றனர்.

இக்காலத்து இடதுசாரிகளின் நிலைப்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1934 இல் உருவான போசணைக் குறைவு எதிர்ப்புக் குழுவினரும், எலினர் ரத்போனின் முயற்சியால் அமைந்த பிள்ளைகள் குறைந்தபட்சத் தேவைச் சபையினரும் இலவசப் பாலைக் கோரிக்கையாக உயர்த்தினர். அவர்களுக்குச் சான்றும் கிடைத்தது. ஸ்ரொக்ரன் நகரின் சுகாதார அதிகாரி டொக்டர் மக்கோனிகல், சேரியிலிருந்து புதுவீட்டுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் இறப்பு வீதம் குறையவில்லை, கூடியது எனக் கண்டார். புதுவீட்டின் உயர்ந்த வாடகை உணவுக்கான பணத்தை விழுங்கியதே அவர் காட்டிய காரணம். 1936 இல் ஜோன் போய்ட் ஓர் நாட்டு மக்களை வருமானப்படி ஆறு தொகுதியாக வகுத்து, ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு முழு ஆரோக்கியத்துக்குப் போதாது என எழுதினார். வருமானம் ஏற ஏறப் பால் நுகர்வும் பன்மடங்கு ஏறியது. பாலின் நன்மையைத் தாய்மார் அறியவில்லை, அவர்களுக்குப் போதிக்கவேண்டும் என்ற பூர்ஷ்வா வாதம் இவ்விரு ஆய்வுகளோடும் நொறுங்கியது.

பாடசாலைப் பால் மிகையுற்பத்தியைக் கொட்டுவதற்கு முதலாளித்துவம் கண்ட வடிகால் மாத்திரமே, அதனைக் கோரியோர் தம்மையறியாது பண்ணை முதலாளிகளுக்குத் துணைபோயினர் என்று எம்மவர் சிலர் வாதிக்கக் கேட்டதுண்டு. இவ்வாதம் பாதி உண்மையை முழு உண்மையாக்குகின்றது. வடிகாலாக வந்தது என்பதால் பிள்ளையின் வயிற்றுக்குள் அது பாலல்லாமற் போய்விடுவதில்லை. ஆளும் வர்க்கம் தன் தேவைக்காகத் திறந்த கதவை உழைக்கும் மக்கள் தம் தேவைக்காக மேலும் அகலத் திறந்தனர். கூலிக்குப் பதிலாகப் பால் என்பது ஆளுவோர் எண்ணம். கூலியும் வேண்டும், பாலும் வேண்டும் என்பது மக்கள் இயக்கத்தின் எண்ணம். ஒரே புட்டியைப் பற்றிய இரு கோரிக்கைகளை ஒன்றெனக் கொள்வது இயங்கியல் அன்று.

அதே வேளையில், பேரரசின் குடியேற்ற நாடுகளில் பாலின் கதை வேறாயிருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புச் சேர்த்த ரின்பாலை விற்பனை செய்வதைக் குழந்தைக் கொலைக்கு ஒப்பிட்டு டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939 இல் சிங்கப்பூரில் உரையாற்றினார். இலண்டனில் குழந்தைக்கு ஏற்றதன்று எனச் சட்டத்தால் எச்சரிக்கப்பட்ட பண்ட வகை, சிங்கப்பூரில் தாய்மாருக்கு நல்லுணவாக விற்கப்பட்டது. பாலின் பெருமை குறித்த அறிவியல் அங்கு விற்பனையாளனின் கைக்கருவி ஆயிற்று.

போர் வந்ததும், அதுவரை இயலாதெனப்பட்டவை இயல்வனவாயின. 1940 ஜூலையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்து பால் இரண்டு பென்னிக்கு, வறியோர்க்கு இலவசமாக, வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946 ஓகஸ்டில் தொழிற் கட்சி அரசு, கல்வி அமைச்சர் எலன் வில்கின்சனின் காலத்தில், பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் மூன்றிலொரு பைந்தை இலவசமாக்கிற்று. மருத்துவச் சான்றும் அரைப் பென்னியும் ஒழிந்தன. வறியவன் இவன், வசதியுள்ளவன் இவன் என்று வகுப்பறையில் பால் காட்டிக்கொடுக்கும் நிலையும் ஒழிந்தது. இதனைச் சிறு மாற்றமெனக் கருதுவோர் அச்சான்றுக்காக வரிசையில் நின்றிராதோராவர்.

இடையில் எழுந்த இலக்கியப் படைப்பொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். ஜோர்ஜ் ஓர்வெல் 1943–44 இல் எழுதி 1945 இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை'யில், புரட்சிக்குப் பின் பன்றிகள் முதலில் தமக்கென ஒதுக்கிக்கொள்வது பாலையும் அப்பிள் பழத்தையுமே. தமக்கு அவை பிடிக்காவிடினும் உடல்நலத்துக்கு இன்றியமையாதன என்று விஞ்ஞானம் நிறுவியிருப்பதாக அவை வாதிடுகின்றன. ஓர்வெலின் அரசியல் முடிவுகளோடு எமக்கு உடன்பாடில்லை. எனினும் கதையின் திருப்புமுனையாக அவர் கருதிய அவ்விடத்தில் பாலைத் தேர்ந்தமை தற்செயலாக இருக்கவியலாது. போசணை விஞ்ஞானத்தின் குரலில் பால் பங்கிடப்பட்ட நாட்டில், பங்கீட்டு அட்டை வாழ்வின் நடுவே அவர் எழுதினார். 'விஞ்ஞானம் கூறுகிறது' என்பது யாருடைய வயிற்றுக்காகக் கூறப்படுகின்றது என்னும் அவரது ஐயம் எந்தச் சமுதாயத்துக்கும் பொருந்தும்.

1950களின் செழிப்பில் பால் மீண்டும் மிகையாயிற்று. நாளொன்றுக்கு ஒரு பைந்து அருந்துக என்னும் பொருளில் 1958 இல் எழுந்த வேடிக்கையான விளம்பரத் தொடர் நாடெங்கும் ஒட்டப்பட்டது. ஆயினும் இலவசப் புட்டி குறுகத் தொடங்கியது. 1968 இல் இரண்டாந்தரப் பாடசாலைகளில் அதனை நிறுத்தியது தொழிற் கட்சி அரசே. இதனைத் தொழிற் கட்சியார் பின்னர் மறந்துவிட்டனர். 1971 இல் ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்தியவர் கல்வி அமைச்சராயிருந்த மார்கிரட் தச்சர். அதனை எவரும் மறக்கவில்லை. தென் வேல்ஸின் மேர்தர் ரிட்வில் நகரசபை போன்ற சில உள்ளூராட்சிகள் சட்டத்தை மீறிச் சிறிது காலம் பால் வழங்கின. அரசு பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் கைவிட்ட பின்னரும், பால் அருந்துமாறு கூறும் விளம்பரம் நின்றபாடில்லை.

தச்சரின் செயலைக் கண்டிப்போருக்கு உவப்பற்ற ஒரு செய்தியும் உண்டு. தென் வேல்ஸில் ஏழு, எட்டு வயதுடைய வசதி குறைந்த பிள்ளைகளிடையே முறையாகக் குலுக்கிப் பிரித்து நடத்தப்பட்டு 1980 இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ இரண்டாண்டு இலவசப் பால் பெற்றோர் மற்றையோரை விடக் கூடிய உயரம் மூன்று மில்லிமீற்றர் அளவே. 1926 இல் ஓராண்டில் முக்கால் அங்குலத்துக்கு மேல். 1980 இல் சில மில்லிமீற்றர். பாலின் இயல்பு இடையில் மாறிவிடவில்லை. பிள்ளையின் மற்றைய உணவு மாறியிருந்தது. பால் நல்லதா தீயதா என்று காலமும் வர்க்கமும் கூறாது கேட்கும் வினாவுக்கு விடை கிடையாது என்பதற்கு இவ்விரு எண்களும் போதும்.

ஐக்கிய அமெரிக்காவில் விவாதம் வேறு திசையிற் சென்றது. 1966 இல் பேலெஸ், ரோசன்ஸ்வைக் ஆகியோர், பாலில் உள்ள இலக்ரோசு எனும் வெல்லத்தைச் செரிக்கும் ஆற்றல் கறுப்பின வளர்ந்தோரில் வெள்ளையரை விட மிகக் குறைவாக இருப்பதைக் காட்டினர். உலகின் வளர்ந்தோருட் பெரும்பான்மையோர் அவ்வாற்றலைக் குழந்தைப் பருவத்தின் பின் இழப்போரே என்பது பின்னர் தெளிவாயிற்று. இலங்கையில் செய்யப்பட்டு 1977 இல் வெளியான ஆய்வும் அத்தகைய முடிவையே தந்தது. சிறிதளவு பால் இவர்களுட் பலருக்குத் தீங்கு செய்வதில்லை என்பதையும் சொல்லல் வேண்டும். தேநீருக்கு ஊற்றும் பாலைப் பற்றி எவரும் கலங்கவேண்டியதில்லை. மக்கொலமின் இனப்பெருமைதான் இங்கு தலைகீழாயிற்று: வளர்ந்த பின்னும் பாலைச் செரிப்பவரே மனித குலத்தின் விதிவிலக்கு. எல்லோருக்கும் பால் தேவை என்ற கலிபோர்னியப் பால் உற்பத்தியாளர் சபையின் விளம்பரத்தை 1974 இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு ஆட்சேபித்தது.

ஆயினும் மிகையின் தர்க்கம் ஆணைக்குழுவை விட வலியது. விலையைத் தாங்குவதற்காக அரசு வாங்கிக் குவித்த பாற்கட்டி 1981 அளவில் 50 கோடி இறாத்தலைத் தாண்டியது. றேகன் அரசு அதன் ஒரு பகுதியை வறியோருக்குப் பங்கிட்டது. அதே அரசு வறியோரின் உணவு உதவியை வெட்டிய காலம் அது. 1983 இல் வந்த சட்டம் ஒவ்வொரு 100 இறாத்தல் பாலுக்கும் 15 சதத்தைப் பண்ணையாளரிடம் கட்டாயமாக அறவிட்டு, விவசாயத் திணைக்களத்தின் மேற்பார்வையில் விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிட வழிவகுத்தது. இது வரிப்பணமன்று, உற்பத்தியாளரின் சொந்தப் பணமே என்பர் ஆதரவாளர். அரசின் சட்டம் இன்றேல் அப்பணம் திரளாது என்பர் எதிர்ப்பாளர். இச்சர்ச்சையில் மிகக் கூர்மையான வழக்கைத் தொடுத்தோர் பாலை வெறுப்போர் அல்லர். பென்சில்வேனியாவின் சிறு பாற்பண்ணையாளர் குடும்பமொன்று. பாலெல்லாம் ஒன்றே என்று கூறும் விளம்பரத்துக்கு, மரபு முறையிற் பசு வளர்க்கும் தாம் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். 2004 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில், மாட்டிறைச்சி விளம்பரம் பற்றிய பிறிதொரு வழக்கில், இத்தகைய விளம்பரங்கள் அரசின் சொந்தப் பேச்சே எனவும், அதற்குப் பணம் கொடுக்க மறுக்கும் உரிமை உற்பத்தியாளருக்கு இல்லை எனவும் உயர்நீதிமன்றம் கூறிற்று. அதனைத் தொடர்ந்து பென்சில்வேனியக் குடும்பம் பெற்ற தீர்ப்பும் செல்லாதாயிற்று.